சியாமளா கோபாலன் அம்மையாரின் ஆராய்ச்சி வாழ்வும் நம் கடமையும்

(பழனியில் நம் சங்கத்தின் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தண்டபாணித் தெய்வம் எழுந்தருளியிருக்கும் இப் பழனியம்பதியில் நம் சமூகத்தார் கூடும்போதெல்லாம் திருப்பணியைப் பற்றியும், மடத்துக் கணக்கைப் பற்றியும், கலியாணச் செலவைக் குறைப்பது பற்றியும் பேசுதல் வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கிவைத்து, உடம்பின் உயிரணுக்குள் நிகழும் ஒரு நுண்ணிய செயலைப் பற்றியும், அதனை ஆராய்வதிலே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றியும் பேச யாம் முன்வந்துள்ளோம். மாதர் மார்பகத்தில் தோன்றும் புற்றுநோயே எம் பேச்சின் பொருளாகும். இஃது ஆடவரும் மாதரும் கூடிய அவையில் எடுத்துப் பேசத்தக்கதோ என்று சிலர் ஐயுறலாம். அந்தத் தயக்கமே நம் இல்லங்களில் பல உயிர்களைக் கொண்டுபோகின்றது. ஆதலின் பேசியே தீரவேண்டும் என்று துணிந்தோம்.

நம் நாட்டு மாதரை இந்நாளில் பற்றும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருக்கின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்டிர்க்கு இந்நோய் புதிதாகக் கண்டிருக்கும் என்றும், ஏறத்தாழ 98,000 பேர் இதனால் இறந்திருப்பர் என்றும் உலகப் புற்றுநோய்க் கணிப்பு கூறுகின்றது. வேளையோடு கண்டுகொண்டால் பெரும்பாலும் தீர்க்கத்தக்க ஒரு நோயில் இத்துணைப் பேர் மடிவானேன்? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு நாம் மேலே செல்வோம்.

மகளின் பெயரும் தாயின் பெயரும்

சியாமளா கோபாலன் என்னும் பெயரை நம்மிற் பலர் சில ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாகக் கேட்டிருப்பர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2021 முதல் 2025 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்த கமலா ஹாரிசின் அன்னை என்றே பத்திரிகைகள் அவரைக் குறிப்பிட்டன. மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தில், அவருடைய தந்தையின் பூர்விக ஊரில், மகளின் வெற்றிக்காகக் கோயிலில் பூசை நடந்ததும், ஊரார் இனிப்பு வழங்கியதும் நாம் அறிந்தவையே. மகள் பெற்ற பதவியைக் கொண்டாடியவர்களுள், தாய் ஆய்வுக்கூடத்தில் செய்தது யாது என்று வினவியவர் மிகச் சிலரே. பதவி வரும், போகும். ஆய்வில் வெளிப்பட்ட உண்மையோ, கண்டவர் மறைந்த பின்னும் நோயாளியின் படுக்கையருகே நின்று துணைபுரிகின்றது.

அவ்வம்மையார் நம் குலத்திற் பிறந்தவரல்லர் என்று கூறுவாரும் நம்மிடையே இருக்கக்கூடும். நோய் குலம் பார்த்து வருவதில்லை. நோயைத் தீர்க்கும் அறிவும் குலம் பார்த்துத் தங்குவதில்லை. நன்மை எங்கு விளைந்தாலும் அதன் விதையை நம் மனைக்குக் கொண்டுவந்து ஊன்றிக்கொள்ளுதலே அறிவுடையார் செயல்.

மனையியலிலிருந்து ஆய்வுக்கூடத்திற்கு

சியாமளா 1938-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் சென்னையிற் பிறந்தார். தந்தையார் பி. வி. கோபாலன் மத்திய அரசாங்க உத்தியோகத்தர், தாயார் ராஜம். மக்கள் நால்வருள் சியாமளா மூத்தவர். கர்நாடக இசையில் தேர்ந்து, இளம் பருவத்திலேயே தேசியப் போட்டியொன்றில் பரிசும் பெற்றவர். தில்லியில் 1932-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லேடி இர்வின் கல்லூரியிற் சேர்ந்து மனையியற் பட்டம் பெற்றார்.

மனையியல் என்பது யாது? உணவு, போஷாக்கு, மனை நிருவாகம், குழந்தை வளர்ப்பு முதலியவற்றைக் கற்பிக்கும் துறை. நல்ல இல்லத்தரசியாவதற்கு ஏற்ற படிப்பு என்று அக்காலத்தார் இதனைக் கருதினர். நம் வீடுகளிலும் இன்றுவரை, ‘பெண்ணுக்கு இவ்வளவு போதும்’ என்று ஓரிடத்தில் கோடு கிழித்து நிறுத்துகின்றோமன்றோ? சியாமளா அக்கோட்டில் நிற்கவில்லை. உணவில் உள்ள சத்து உடம்பில் என்ன செய்கின்றது என்னும் வினா அவரை மேலும் இழுத்தது. தாம் ஒருநாளும் கண்டிராத அமெரிக்காவின் பெர்க்கிலி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார், இடமும் கிடைத்தது. அது நிகழ்ந்தது 1958-ஆம் ஆண்டில். அப்பொழுது அவருக்கு வயது 19.

அன்பர்களே! இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்கவேண்டுகின்றோம். பத்தொன்பது வயதுப் பெண் தனியே கடல் கடந்து செல்வதென்றால், அந்நாளில் உற்றாரும் உறவினரும் என்னென்ன பேசியிருப்பர் என்பதை யாம் சொல்லவேண்டுவதில்லை. தந்தையார் தடுத்தாரல்லர். தம் முதுமைக் காலத்திற்கென்று சேர்த்துவைத்த பொருளிலிருந்து முதலாண்டின் கல்விச் செலவையும் உணவுச் செலவையும் கொடுத்தார். வீட்டிலே தொலைபேசி இல்லை. வான்மடல் ஒன்றே மகளின் நலம் அறியும் வழி. கலியாணத்திற்கென்று பெண்ணின் பெயரால் நகை சேர்ப்பது நம்மிடம் வழக்கம். கல்விக்கென்று முதுமைச் சேமிப்பை உடைத்த அத்தந்தையின் செயலை, பெண் மக்களைப் பெற்ற ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெர்க்கிலியில் உணவியலும் சுரப்பியியலும் பயின்று, 1964-ஆம் ஆண்டில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். ஆய்வின் பொருள் கோதுமை மாவு. உணவுப் புரதத்தைச் செரிக்கச் செய்யும் டிரிப்சின் என்னும் நொதியைத் தடுத்து நிறுத்தும் பொருளொன்று முழுக் கோதுமை மாவில் உண்டு. அதனைத் தனியே பிரித்தெடுத்துத் தூய்மை செய்ததே அவர் ஆய்வு. கோதுமை மாவுக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் குவியலிலிருந்து வேண்டிய ஒன்றை மட்டும் சிதையாமற் பிரித்தெடுக்கும் கைத்திறனே அவ்வுறவு. நம் தாய்மார் முறத்தில் புடைத்துக் கல் வேறு, நொய் வேறு, அரிசி வேறாகப் பிரிப்பதை ஒப்பது அது. அத்திறன் பிற்காலத்தில் உயிரணுக்குள் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும் புரதத்தைத் தேடுவதற்குக் கைகொடுத்தது.

தண்டோராவும் செவியும்

இனி விஷயத்திற்கு வருவோம். நம் உடம்பில் சில சுரப்பிகள் உண்டு. அவை இரத்தத்திற் கலந்துவிடும் நீர்மங்களை ஹார்மோன் என்கின்றோம். அவற்றுள் ஒரு வகை, கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளிலிருந்து உடம்பே ஆக்கிக்கொள்வது. இதற்கு ஸ்டீராய்டு ஹார்மோன் என்று பெயர். பெண்ணின் சூலகத்தில் தோன்றும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இவ்வகையைச் சேர்ந்தவை. பெண் பூப்படைவதும், கருத்தரிப்பதும், குழந்தைக்குப் பாலூட்ட மார்பகம் பக்குவமடைவதும் இவற்றின் செயல்கள்.

ஹார்மோன் இரத்தத்தின் வழியே உடம்பெங்கும் செல்கின்றது. அங்ஙனமாயின், கருப்பையும் மார்பகமும் மட்டும் அதன் சொற்படி நடப்பானேன்? கைவிரலும் காதுமடலும் அவ்வாறு நடவாமை என்ன? இவ்வினாவே அக்காலத்து அறிஞரை மயக்கியது. ஊரிலே தண்டோரா போடுகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலி எல்லாத் தெருவிலும் செல்லும், செவியுள்ளவனே கேட்பான். அதுபோல, ஹார்மோன் தண்டோரா. சில உயிரணுக்களில் மட்டும் அதனைக் கேட்கும் செவியொன்று உண்டு. அச்செவியை ஏற்பி என்று வழங்குகின்றோம். அது ஒரு புரதம். சிக்காகோ நகரத்தில் எல்வுட் ஜென்சன் என்பார் கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு, இத்தகைய ஏற்பி உண்டென்பதை 1950-களின் இறுதியில் வெளிப்படுத்தினார்.

புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் தொடர்புண்டு என்பது அதற்கும் முந்திய செய்தி. ஸ்காத்லாந்து தேசத்தின் ஜார்ஜ் பீட்சன் என்னும் மருத்துவர் முற்றிய மார்பகப் புற்றுநோயாளியின் சூலகங்களை அறுத்து நீக்கவே கட்டி சுருங்கியதென்று 1896-ஆம் ஆண்டில் எழுதினார். ஆடவர்க்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயும் ஹார்மோனைச் சார்ந்ததென்று 1941-ஆம் ஆண்டில் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸ், 1966-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார். ஆயினும் சூலகம் நீக்கப்பெற்ற மாதருள் சிலர்க்கே நலம் கண்டது; பிறர்க்குக் காணவில்லை. யாருக்குக் காணும், யாருக்குக் காணாது என்பதை முன்னதாக அறிய வழியில்லாதிருந்தது. அவ்வழியைத் திறப்பதற்கு ஏற்பியை நுணுகி ஆராய்தல் இன்றியமையாததாயிற்று.

இத்தறுவாயிலேதான் சியாமளா அம்மையார் இத்துறையிற் புகுந்தார். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜாக் கோர்ஸ்கி என்னும் பேராசிரியருடன் சேர்ந்து, எலியின் கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எங்ஙனம் இயங்குகின்றது என்று ஆராய்ந்து, 1969-ஆம் ஆண்டில் முக்கியமான கட்டுரையொன்றை வெளியிட்டார். ஏற்பி உயிரணுவின் வெளிப்பகுதியில் ஹார்மோனைச் சந்தித்துப் பற்றிக்கொண்டு, பின்னர் உட்கருவிற்குள் செல்கின்றது என்பது அவர்கள் கொண்ட முடிபு. வாயிற்காவலன் ஓலையை வாங்கி அரண்மனைக்குள் எடுத்துச் செல்வதுபோல என்க. இவ் ‘இருபடிக் கொள்கை’ பதினைந்து ஆண்டுகள் இத்துறையை நடத்திச் சென்றது. 1984-ஆம் ஆண்டில் கோர்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தாரே புதிய முறைகளைக் கையாண்டு, ஹார்மோன் வருவதற்கு முன்னரே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உட்கருவில் இருக்கின்றது என்று காட்டினர். தாம் நாட்டிய கொள்கையைத் தாமே திருத்திக்கொள்வது அறிவியலுக்கு இழிவன்று. அதன் உயிர்நாடி என்று மாணவச் செல்வங்கள் உணர்தல் வேண்டும்.

பெர்க்கிலியின் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் அம்மையார் சுண்டெலியின் மார்பகக் கட்டிகளை எடுத்துக்கொண்டார். சில கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கின்றது. ஆயினும் அது பற்றிய ஹார்மோன் உட்கருவைச் சென்றடைவதில்லை என்று 1972-ஆம் ஆண்டில் எழுதினார். செவி இருந்தும் சொல் உள்ளே ஏறவில்லை என்பது இதன் பொருள். ஏற்பி உண்டா என்று மட்டும் கேட்டாற் போதாது, அது வேலை செய்கின்றதா என்றும் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் இவ்வாறே வலுப்பெற்றது. அதற்கு விடை தந்தது புரோஜெஸ்டிரோன் ஏற்பி. உயிரணுவில் ஈஸ்ட்ரோஜனின் ஆணை நிறைவேறினால், அதன் பயனாகப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி உண்டாகும். ஆதலின் இரண்டாவது செவியைக் கண்டால், முதற் செவி கேட்டுக்கொண்டிருக்கின்றது என்று துணியலாம். இக்கருத்தை 1975-ஆம் ஆண்டில் ஹோர்விட்ஸ், மக்குயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் மனிதர் கட்டிகளைக் கொண்டு எடுத்துரைத்தனர்.

இரண்டாவது செவி

அம்மையாரின் பிற்கால உழைப்பெல்லாம் இந்தப் புரோஜெஸ்டிரோன் ஏற்பியைச் சுற்றியே அமைந்தது. கணவரைப் பிரிந்தபின், கமலா, மாயா என்னும் இரு பெண்மக்களையும் தாமே வளர்த்துக்கொண்டு, 1976-ஆம் ஆண்டில் கனடா தேசத்து மான்ட்ரியல் நகரம் சென்றார். அங்கே லேடி டேவிஸ் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திலும் மக்கில் பல்கலைக்கழகத்திலும் 16 ஆண்டுகள் பணிபுரிந்தார். பின்னர்ப் பெர்க்கிலிக்கு மீண்டு, லாரன்ஸ் பெர்க்கிலி தேசிய ஆய்வுக்கூடத்தில் இறுதிவரை ஆராய்ந்தார்.

மான்ட்ரியலில் ஹாஸ்லம் என்னும் ஆராய்ச்சியாளருடன் 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைகளில், நோயற்ற மார்பகத்திலேயே இவ்வேற்பி எப்பொழுது தோன்றுகின்றது, எப்பொழுது மறைகின்றது என்று காட்டினார். பால் சுரக்கும் காலத்தில் சுண்டெலியின் மார்பகத்தில் புரோஜெஸ்டிரோன் ஏற்பி காணப்படுவதில்லை. ஈஸ்ட்ரோஜனைச் செலுத்தினாலும் அப்பொழுது அது தோன்றுவதில்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும் காலத்தில் ‘மேலும் வளர்க’ என்னும் ஆணையைக் கேளாமல் உடம்பு செவியை மூடிக்கொள்கின்றது போலும்! நோயை அறிய விரும்புவோர் முதலில் நலத்தை அறிதல் வேண்டும் என்பது இவ்வம்மையார் கைக்கொண்ட முறை. 1991-ஆம் ஆண்டில் அவரும் உடனாய்வாளரும் சுண்டெலியின் புரோஜெஸ்டிரோன் ஏற்பிக்குரிய மரபுச் செய்தியைப் படியெடுத்து, அதன் எழுத்து வரிசை முழுவதையும் வெளியிட்டனர்.

அதன்பின் நிகழ்ந்த ஆராய்ச்சியே மிகவும் சுவையானது. புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஒரே மரபணுவிலிருந்து இரண்டு வடிவங்களில் உண்டாகின்றது. நீண்டதைப் ‘பி’ என்றும், சற்றுக் குறுகியதை ‘ஏ’ என்றும் வழங்குவர். இரண்டும் தக்க விகிதத்தில் இருப்பது இயற்கை. அவ்விகிதத்தைக் கலைத்தால் என்ன ஆகும்? ‘ஏ’ வடிவம் மிகுமாறு மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்த்துப் பார்த்தபொழுது, மார்பகத்தின் பால்நாளங்கள் அளவுக்கு மீறிக் கிளைத்தன. உயிரணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்தன. அவற்றை ஒழுங்காகப் பிணித்து வைக்கும் கட்டுத் தளர்ந்தது. இஃது 1998-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ‘பி’ வடிவம் மிகுந்தபொழுது நாளங்களின் வளர்ச்சி உரிய காலத்திற்கு முன்னரே நின்றது. இது 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஹார்மோனின் அளவு மட்டுமன்றி, அதனைக் கேட்கும் செவிகளின் விகிதமும் உறுப்பின் நலத்திற்குக் காரணம் என்பது இதனால் விளங்கியது.

பழனியில் வாழும் நமக்கு இக்கருத்து அயலானதன்று. மலைமேல் விளங்கும் மூர்த்தியைப் போகர் என்னும் சித்தர் நவபாஷாணத்தால் அமைத்தார் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கேட்டுவரும் ஐதிகம். நஞ்சும் அளவறிந்து கூட்டினால் மருந்தாகும். அளவு தவறினால் அமுதமும் நஞ்சாகும் என்னும் கருத்து அவ்வைதிகத்தின் உட்பொருள். தாய்மைக்குத் துணைசெய்யும் அதே ஹார்மோன், நெறி தவறிய உயிரணுவுக்கு உரமாவதும் இத்தகையதே.

இவ்வாராய்ச்சி எலிகளோடு நின்றுவிட்டதோ என்று எவரும் கருதவேண்டா. மாதவிடாய் நின்ற பெண்டிர்க்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கும் வழக்கம் மேல்நாட்டில் பரவியிருந்தது. அமெரிக்காவில் 16,608 மாதரைக் கொண்டு நடந்த பெருஞ் சோதனையில், ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்து உண்டவர்க்கு மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணவே, 2002-ஆம் ஆண்டில் அச்சோதனையை இடையிலேயே நிறுத்தினர். கருப்பை நீக்கப்பெற்று ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்பால் அம்மிகுதி காணப்படவில்லை. புரோஜெஸ்டிரோன் வழியைத் தனியே ஆராய்தல் வேண்டும் என்று பல்லாண்டு உழைத்தாரின் வினா எத்துணைத் தகுதியுடையது என்பதை இது காட்டிற்று.

அம்மையார் அமெரிக்க ஜனாதிபதியின் மார்பகப் புற்றுநோய்ச் சிறப்பு ஆணைக்குழுவிலும் பணிபுரிந்தார். பல மாணவரை ஆராய்ச்சியிற் பழக்கினார். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில், பெருங்குடற் புற்றுநோயால் ஓக்லாந்து நகரிற் காலமானார். புற்றுநோயை ஆராய்ந்தவரைப் புற்றுநோயே கொண்டது. அவருடைய அஸ்தியை மகள் சென்னைக்குக் கொண்டுவந்து கடலிற் கரைத்தார்.

ஆய்வுக்கூடத்திலிருந்து நம் இல்லத்திற்கு

இதனால் நமக்கு ஆவது என்ன? மார்பகக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த சிறு சதைத் துணுக்கில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியும் உண்டா என்று பார்ப்பது இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் நடைபெறும் சோதனை. ஏற்பி உள்ள கட்டியாயின், அச்செவியை அடைத்துவிடும் மருந்து உண்டு. தமாக்சிபென் என்பது அதன் பெயர். 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆக்கப்பெற்று, 1973-ஆம் ஆண்டில் அங்கே புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஏற்பி உள்ள நோயாளிகள் ஐந்தாண்டு இதனை உண்டால், பதினைந்து ஆண்டுக் கணக்கில் இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகின்றது. விலையோ மிகக் குறைவு. மாதவிடாய் நின்றவர்க்கு ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே தடுக்கும் வேறு மாத்திரைகளும் உண்டு. ஏற்பி இல்லாதவர்க்கு இம்மருந்துகள் பயன்தரா. அவர்க்கு வேறு சிகிச்சை. எவர்க்கு எது என்று பிரித்தறிய உதவும் அறிவே, எலியின் கருப்பையிலும் சுண்டெலியின் மார்பகத்திலும் இத்தகையோர் ஆண்டுக்கணக்காகத் தேடியது.

நம் தமிழ்நாடும் இதிற் பின்தங்கியதன்று. புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தம் தங்கை புற்றுநோயால் மாண்ட துயரத்தை மறவாமல், 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பன்னிரண்டு படுக்கைகளோடு அது தொடங்கியது. மறு ஆண்டிற் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-ஆம் ஆண்டில் மறையும் வரை தம் வாழ்வையே அதற்கு அளித்தார். இன்று மதுரையிலும் கோயம்புத்தூரிலும் அரசாங்க மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன; நம் ஊரிலிருந்து இரண்டிடத்திற்கும் பேருந்து உண்டு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். அறிவு வந்துவிட்டது, மருந்து வந்துவிட்டது, பொருளுதவியும் ஓரளவு வந்துவிட்டது. இவை யாவும் வந்து நிற்கும் வாயிலை அடைத்துக்கொண்டிருப்பது நம் வெட்கமும் அச்சமுமே.

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகின்றது. வலியில்லை. வலியில்லாததால் கேடில்லை என்று அத்தாய் எண்ணிக்கொள்கின்றாள். மகனிடம் சொல்லக் கூச்சம். கணவனிடம் சொல்ல அச்சம். மருமகளிடம் சொன்னால் வெளியே தெரியும் என்னும் கவலை. பெண்ணின் கலியாணம் முடியட்டும், அறுவடை முடியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று நாள் கடத்துகின்றாள். பச்சிலைப் பற்றுப் போடுகின்றாள். தோல் சுருங்கிப் புண்ணாகி நாற்றம் எடுக்கும்போது வீட்டார் அறிகின்றனர். அப்பொழுது மருத்துவர் கையிலும் பெரிதும் ஒன்றுமில்லை. இக்கதை நம் உறவினர் வீடுகளில் நிகழாததன்று; பெயர் சொல்ல வேண்டாமென்று விடுகின்றோம்.

தாய்மார்களே! கட்டிகள் யாவும் புற்றுநோயல்ல, பெரும்பாலானவை தீங்கற்றவை. அதனை உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவரே. புதிதாகத் தோன்றிய கட்டி, தோலிற் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு, அக்குளில் நெறி ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே காட்டுக. சோதனையில் ‘ஏற்பி’ எவ்வாறுளது என்று மருத்துவரைக் கேட்டு, அந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்துக. மாத்திரை கொடுத்தால், உடம்பு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தற்க. ஐந்தாண்டென்றால் ஐந்தாண்டும் உண்க. அதனால் ஏதேனும் உபாதை கண்டால் மருத்துவரிடம் சொல்லுக, தாமே நிறுத்தற்க.

சிகிச்சையில் தலைமுடி உதிர்ந்துவிடும் என்னும் அச்சமும் சிலரைத் தடுக்கின்றது. வேறெந்த ஊரார் அஞ்சினும் பழனியூரார் இதற்கு அஞ்சுதல் தகுமோ? ஆண்டவனுக்கு முடியிறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாதரும் மக்களும் நம் வீதிகளில் நாணமின்றி நடந்து செல்வதை நாள்தோறும் காண்கின்றோம். அத்தலையைப் பார்த்து எவரும் இகழ்வதில்லை, கைகூப்புகின்றனர். மருந்தினால் முடியிழந்து நிற்கும் சகோதரியையும் அக்கண்ணாலேயே நோக்குவோம். உதிர்ந்த முடி பெரும்பாலும் மீண்டும் வளரும். போன உயிர் வளராது.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

இறுதியாகச் சங்கத்தின் பெரியோர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்ய விரும்புகின்றோம். பாதயாத்திரை வரும் நம்மவர் தங்குவதற்கென்று நமக்கு இவ்வூரில் மடம் உள்ளது. விழாக் காலம் நீங்கலாக அதன் கூடம் பூட்டியே கிடக்கின்றது. மாதம் ஒருநாள் அக்கூடத்தில் ஒரு பெண் மருத்துவரை வரவழைத்து, நம் மாதர்க்கும் அண்டை அயலில் உள்ள எல்லாச் சமூகத்து மாதர்க்கும் பரிசோதனை செய்விக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். இது முதலாவது.

நோய் கண்ட பெண்ணோடு மதுரைக்கோ கோவைக்கோ துணை செல்ல ஆளில்லாமையால் சிகிச்சை தடைப்படுவதுண்டு. அங்ஙனம் துணை செல்ல முன்வரும் ஐந்தாறு சகோதரிகளின் குழுவொன்றை அமைத்து, வழிச் செலவைச் சங்கம் ஏற்றல் வேண்டும். இஃது இரண்டாவது.

மூன்றாவது, கல்வி நிதி. மடத்தின் முகப்பிற்குக் கோபுர வளைவு எழுப்ப நிதி திரட்டும் யோசனை சபையின் முன் இருக்கின்றது. அதனை யாம் வேண்டாமென்று கூறவில்லை; சிறிது காலம் பொறுக்கலாம் என்கின்றோம். நம் பெண் மக்களுள் உயிரியலும் வேதியியலும் கற்று, பட்டத்தோடு நில்லாமல் ஆராய்ச்சிக்குச் செல்ல விரும்புவார் இருப்பின், அவர்க்கு அந்நிதியை உதவுவோம். கல்லில் எழுதிய பெயர் மழையில் மங்கும். ஒரு பெண் ஆய்வுக்கூடத்திற் கண்டறியும் உண்மை, யாரென்றும் எங்கென்றும் அறியாத ஆயிரம் மாதரின் உயிரைக் காக்கும். பெண்ணொருத்தி படித்தது போதும் என்று கோபாலன் தம் பணப்பையை மூடியிருந்தால், அச்சுண்டெலிகள் சொன்ன உண்மையைக் கேட்க அந்தச் செவி இருந்திராது.

சகோதரிகளே! உங்கள் உடம்பு ஒன்றைச் சொன்னால், அதனை மறையாமல் உரைமின். ஆடவர்களே! அவர்கள் உரைத்தால், அதனைக் கேட்குமின். உயிரணுவுக்கும் ஒரு செவியை அமைத்த இறைவன் நமக்கு இரண்டு தந்திருக்கின்றான்.

 தண்டபாணி திருவருளால் யாவரும் நோயற்ற வாழ்வு பெறுவாராக!